பதினேழு நாள் தண்ணீர் ஏறவில்லை

அந்தக் கட்டடத்தின் பின்சுவரில் ஏறிப் போகிற இரும்புக் குழாய்க்குப் பிளம்பரைவிட இரண்டு மூன்று வயது கூடவே இருக்கும். கீழ்த்தொட்டித் தண்ணீரை மோட்டார் உறிஞ்சி அதன் வழியாக மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றும். மூன்று மாடிக்கும் அங்கிருந்துதான் தண்ணீர். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் திடமாகத்தான் நிற்கும். உள்ளே துரு அப்பி, கட்டைவிரல் நுழைகிற வழிதான் மிச்சமிருந்தது. எங்கெங்கே இளைத்துப்போயிருக்கிறது என்பது பிளம்பர் ஒருவருக்குத்தான் தெரியும். பதினோரு வருஷமாக அவர்தான் வைத்தியம். தண்ணீர் கசிந்து வேர்க்கிற இடத்தில் ரப்பர் பட்டை சுற்றி, மேலே கிளாம்ப் போட்டு ரெஞ்சால் இறுக்கிவிடுவார். அப்படி ஏழு கட்டு. வாரத்துக்கு ஒருமுறை வேலைக்குக் கிளம்பும்போது பின்பக்கம் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவார். அதற்கு யாரும் கூலி கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. இத்தனைக்கும் அந்தத் தண்ணீர் அவர் வீட்டுக்கு வேண்டியதில்லை. கீழ்த்தளத்தின் பின் போர்ஷனில் ஒரு அறையும் சமையலறையுமாக இருந்தார். அவர் வாசலை ஒட்டிய நடையிலேயே தெருக் குழாயிலிருந்து நேரே ஒரு இணைப்பு இருந்தது. காலையும் மாலையும் அதில் தண்ணீர் வரும்.

மனைவி பக்கத்துத் தெருவில் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. மகள் பத்தாவது, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். இந்த இடம் அவர்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. கல்யாணமான புதிதில் ஆற்றோரம் இருந்தார்கள். அங்கே சாலை வருகிறது என்று கிளப்பினார்கள். அப்புறம் மில் லைன் வீடு. மில்லை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறோம் என்று அங்கிருந்தும் கிளப்பினார்கள். இங்கே வந்து சாமான் இறக்கிய அன்றைக்கு, இனிமேல் பாத்திரம் மூட்டை கட்ட மாட்டேன் என்று மனைவி சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

தெரு இரண்டு வருஷத்தில் முகம் மாறிப்போனது. மாவு மில் இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட காபிக் கடை. அதில் ஆளுக்கொரு லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, வாங்கிய காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிள் கடை உடற்பயிற்சிக் கூடமானது. பக்கத்துக் கட்டடத்துக்குச் சாம்பல் வண்ணம் அடித்து, வாசலில் நான்கு தொட்டிச் செடி வைத்ததும் வாடகை இரட்டிப்பானது. அங்கே பிளம்பருக்கு நல்ல வேலை கிடைத்தது. பளபளவென்று குழாய்கள் பொருத்திவிட்டு வந்து, பழைய குழாயில் கை கழுவிக்கொண்டு, "ஒரு குழாய் விலை நம்ம மூணு மாச வாடகை" என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு நின்றது, கட்டடத்தின் சொந்தக்காரர் இறந்து மகன் கைக்குச் சொத்து வந்தபோது. மகனை எல்லோரும் சின்னவர் என்பார்கள். முப்பத்தைந்து வயது, அதிராமல் பேசுகிற ஆள். நான்கு வீட்டுக்கும் ஒரே மாதிரி கடிதம் வந்தது. வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு, முடியாதவர்கள் மூன்று மாதத்தில் காலி செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் எல்லோரும் கூடினார்கள். முதல் மாடி வேன் டிரைவர், இரண்டாம் மாடி தையல்காரர், மூன்றாம் மாடி நர்ஸ், கீழே இருந்து பிளம்பரும் மனைவியும். வேன் டிரைவர் கத்தினார். தையல்காரர் கணக்குப் போட்டுப் போட்டு அழித்தார். நர்ஸ்தான் நிதானமாகப் பேசினாள். பழைய வாடகையை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டே இருப்போம், யாரும் தனியாகப் போய்ப் பேச வேண்டாம், நாலு வீடும் சேர்ந்து நின்றால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். அவளுக்கு வேறு போக்கிடமும் இல்லை. அப்பா பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருஷம். ஆஸ்பத்திரி பத்து நிமிஷ நடையில் இருப்பதால்தான் டியூட்டி நடுவில் ஓடிவந்து அவரைத் திருப்பிப் படுக்கவைக்க முடிந்தது. எல்லோரும் சரி என்றார்கள். பிளம்பரும் தலையாட்டினார். முழு மனதோடுதான் ஆட்டினார்.

நான்காம் நாள் சின்னவர் போன் செய்தார். வீட்டில் குழாய் சொட்டுகிறதாம். பிளம்பர் போய் வாஷர் மாற்றினார், ஐந்து நிமிஷ வேலை. கை துடைத்துக்கொண்டிருக்கும்போது சின்னவரே டீ கொண்டுவந்து கொடுத்தார். உட்காரச் சொன்னார். மகள் படிப்பை விசாரித்தார். அப்பா உங்களை நம்பித்தான் கட்டடத்தைப் பற்றிக் கவலையில்லாமல் இருந்தார் என்றார். பின்பக்கக் குழாயை நீங்கள் இல்லாவிட்டால் எப்போதோ மாற்றியிருக்க வேண்டும் என்று என்ஜினீயர் சொன்னாராம்.

"நான் எதையும் உடைக்கச் சொல்லல," என்றார் சின்னவர். "அடைக்கவும் சொல்லல. அது என் கட்டடம், என் குழாய். போச்சுன்னா நான் பாத்துக்கறேன். நீங்க அதுல கை வைக்காம இருந்தா போதும். கீழ் போர்ஷனை நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. வாசல்ல தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கறது எனக்கும் நல்லதுதான். உங்க பொண்ணு காலேஜ் முடிக்கறவரைக்கும் பழைய வாடகையே இருக்கட்டும்."

பிளம்பர் எழுந்தார். டம்ளரைக் கீழே வைத்தார், பையை எடுத்தார், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேங்க" என்றார். எங்கிருந்து கிளம்பினாலும் சொல்கிற சொல்தான். சின்னவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சிரித்து, கைகூப்பினார். தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்று பிளம்பருக்கு உறைத்தது.

நான் ஒப்புக்கொள்ளவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த வாரம் பின்பக்கம் போகவில்லை. வேலை நெருக்கடி என்று ஒரு காரணம் கிடைத்தது. அடுத்த வாரம் கைகழுவப் போனபோது, இரண்டாம் மாடி உயரத்தில் ஐந்தாவது கட்டு வேர்த்திருப்பது கீழேயிருந்தே தெரிந்தது. அரைச் சுற்று இறுக்கினால் இன்னும் ஆறு மாதம் தாங்கும். நின்று பார்த்தார். பிறகு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மோட்டார் போட்ட கொஞ்ச நேரத்தில் குழாய் வெடித்தது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாம் மாடி உயரத்திலிருந்து துருத்தண்ணீர் விசிறியடித்து, கொடியில் கிடந்த துணியெல்லாம் காவி நிறமானது. பிளம்பர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். வேறொன்றும் செய்யவில்லை. எல்லோர் முன்னாலும் சின்னவருக்குப் போன் போட்டுச் சொன்னார். சின்னவர் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

நான்கு நாள் கழித்து ஒரு என்ஜினீயர் வந்தார். போட்டோ எடுத்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், போய்விட்டார். கட்டடத்தின் குழாய் வேலை மொத்தமும் பழசு, ஆட்கள் காலி செய்தால்தான் மாற்ற முடியும் என்று பின்னாலேயே ஒரு கடிதம் வந்தது.

அதற்குள் நடையில் வாளி வரிசை பழகிப்போயிருந்தது. பிளம்பர் வீட்டு வாசல் குழாய்தான் இப்போது நாலு வீட்டுக்கும் தண்ணீர். காலை ஐந்தரைக்கு வரும், ஏழுக்கு நிற்கும், மாலையில் இன்னும் கொஞ்சம் வரும். வேன் டிரைவர் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஓடுவார். தையல்காரர் மனைவிக்கு மூட்டுவலி. ஒவ்வொரு படியிலும் வாளியை வைத்து வைத்து ஏறுவாள். நர்ஸுக்கு ஐம்பத்திநாலு படி. படுக்கையிலேயே எல்லாம் ஆகிற மனிதர் இருக்கிற வீட்டுக்கு நாளைக்குப் பன்னிரண்டு வாளியாவது வேண்டும். இரவு டியூட்டி முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வரிசையில் நிற்பாள். பிளம்பரின் மகள் அவளுக்காக நாலு வாளி தூக்கிக்கொண்டு போவாள். நர்ஸ் அத்தைதான் அவளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். தோளெல்லாம் வலிக்கிறது என்று சொல்லி வந்து படுப்பவளைப் பார்க்காமல் பிளம்பர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆறாம் நாள் எல்லோரும் நடையில் வைத்தே பேசினார்கள். என்ஜினீயர் கடிதத்தை நர்ஸ் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்தாள்.

"பைப்புக்கு ஆகறத நாங்க பங்கு போட்டுக்கறோம் அண்ணா," என்றாள். "இரும்பு வேண்டாம், பிளாஸ்டிக்கே போதும். நீங்க கை மட்டும் குடுங்க."

பிளம்பர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. பிற்பாடு நினைக்கும்போது அதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அது அப்படி இல்லம்மா. என்ஜினீயர் பாத்து எழுதிட்டுப் போயிருக்காரு. இனிமே நாம அந்தச் சுவத்துல கை வெச்சா, நாமதான் உடைச்சோம்னு ஆயிடும். நாளைக்குக் கேஸுன்னு வந்தா நமக்கே திரும்பும்."

தையல்காரர், தொழில் தெரிந்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்றார். நர்ஸும் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். மனைவி மட்டும் உள்ளே அடுப்பைப் பார்ப்பதுபோல எழுந்து போனாள்.

ஒன்பதாம் நாள் தையல்காரர் காலி செய்தார். நகரத்துக்கு வெளியே, கடைசி பஸ் நிறுத்தத்துக்கும் அப்பால் ஒரு வீடு. தையல் மிஷினின் இரும்புக் காலைப் பிளம்பர்தான் முதுகில் தாங்கி இறக்கிக் கொடுத்தார். வண்டியில் ஏற்றியதும் தையல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க வாசல்ல எங்களால ரொம்பத் தொந்தரவு, மனசுல வெச்சுக்காதீங்க என்றார். அவர் மனைவி, பிளம்பரின் மகளுக்குத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்த சட்டையை, பாதி தைத்தபடியே மடித்துப் பிளம்பர் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிளம்பருக்கு அந்தக் கட்டடத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மேலே போய் நர்ஸின் அப்பாவைக் குளிக்கவைப்பது. நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய உடம்பு. இடது பக்கம் செத்துப்போனாலும் கனம் குறையவில்லை, நர்ஸ் தனியாகத் தூக்க முடியாது. பிளம்பர் அக்குளுக்குள் கைகொடுத்து நிமிர்த்தி, குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்பார். நாலு வாளி வெந்நீர் கலந்து நிதானமாக ஊற்றினால்தான் பெரியவருக்குக் குளித்த மாதிரி இருக்கும். தூக்கும்போதெல்லாம், டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்பார். பிளம்பர், பாஸ் வெச்சிருக்கேன் என்பார்.

குழாய் போன பிறகு இரண்டு ஞாயிறு ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. மூன்றாவது ஞாயிறு, பதினாறாம் நாள், முதுகில் புண் கண்டிருக்கிறது, இன்றைக்கு ஊற்றியே ஆகவேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். இரண்டு வாளி சேர்த்துவைத்திருந்தாள். மூன்றாவது வாளிக்காகக் கீழே இறங்கிப் போனாள். குளியலறையில் இவர்கள் இருவரும் மட்டும் இருந்தார்கள். இடுப்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழன்று சிவந்திருந்ததைப் பிளம்பர் பார்த்தார்.

பெரியவர் டிக்கெட் கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தபடி மெதுவாகப் பேசினார்.

"தம்பி, கீழேருந்து மேல வரைக்கும் புதுசா ஒரு பைப்பு போட உனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"அரை நாள் ஆகுங்கய்யா."

"கூட ஆள் வேணுமா?"

"ஏணி பிடிக்க ஒருத்தர் இருந்தா போதும்."

பெரியவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "வண்டி நடுரோட்டுல நின்னா டிப்போவுலேருந்து மெக்கானிக் வருவான். கோளாறு புரியாதவன் நேரா வண்டிக்கு அடியில போய்ப் படுத்துடுவான். புரிஞ்சும் செய்ய மனசில்லாதவன் எட்ட நின்னுக்கிட்டே பேசுவான். நாப்பது வருஷத்துல ரெண்டு ரகத்தையும் பாத்துட்டேன். நீ இந்தப் பதினாறு நாள்ல ஒரு தடவைகூட பின்பக்கம் போகலையாம். உன் பொண்ணு சொல்லிச்சு. அப்பாவுக்கு அந்தப் பைப்பைப் பாத்தாலே கஷ்டமா இருக்கு போல தாத்தான்னு சொல்லிச்சு. உன்மேல உள்ள பாசத்துல சொன்னது."

பிளம்பர் கையில் சொம்போடு நின்றார்.

"நான் அந்தப் பொண்ணுகிட்டயும் ஒண்ணும் சொல்லல, என் மககிட்டயும் சொல்லல. என் கணக்கு தப்பா இருந்தா மன்னிச்சுக்க," என்றார் பெரியவர். படியில் வாளிக் கைப்பிடி உரசுகிற சத்தம் கேட்டது. "அவ வரா. பாத்து ஊத்து, முதுகு எரியுது."

அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வெயில் பின்சுவரில் அடித்து, அறைக்குள் மூச்சு முட்டியது. மகள் சிநேகிதி வீட்டுக்குப் படிக்கப் போயிருந்தாள். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சின்னவர் கொடுத்த டீயிலிருந்து ஆரம்பித்து, வரேங்க என்று சொன்னது, ஐந்தாவது கட்டு வேர்த்தது, நடையில் சொன்ன பொய் வரைக்கும்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றாள் கடைசியில். "பெரிய ரெஞ்ச் சனிக்கிழமையானா பையை விட்டு வெளிய வரும். ரெண்டு வாரமா வரல. அப்பவே பாத்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க போய் இறுக்கிடுவீங்க."

பிளம்பர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு இன்னொரு தடவை சாமான் கட்டத் தெம்பில்ல," என்றாள். "பரீட்சைக்கு நாலு மாசம் இருக்கு. அந்தக் கடைசி நிறுத்தத்துலேருந்து இவ எப்படிப் பள்ளிக்கூடம் வருவா, நான் எப்படி வேலைக்கு வருவேன்? அவங்க வாளி தூக்கறதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு இங்க என்னமோ பண்ணும். கூடவே, நம்ம பாத்திரம் அலமாரியில இருக்குன்னும் தோணும். நானும் இதுல சேந்தவதான். அதனால என்கிட்ட கேக்காதீங்க. போட்டா நாம வெளிய. போடாட்டி அவங்க வெளிய. எதுன்னாலும் நீங்களே செய்ங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அவர் தட்டை அவளே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். வெகுநேரம் அதையே கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. பிளம்பர் கடை திறக்கிற நேரத்துக்குப் போய், நீளமான வெள்ளைக் குழாய் நாலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு முனையும் துள்ள, காபிக் கடை வாசலில் நிற்பவர்களை ஒதுங்கச் சொல்லிக்கொண்டே தெருவைக் கடந்தார். வீட்டுக்கு வந்தால் மனைவி காப்பகத்துக்குக் கிளம்பியிருக்கவில்லை. லீவு சொல்லிவிட்டு, ஏணியைப் பின்சுவரில் சாத்திவைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

புதுக் குழாய்க்கு இடைஞ்சலாக இருந்த பழைய கட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெயிலில் இரும்பு கையைச் சுட்டது. மூன்றாவது கிளாம்ப் அசையவே இல்லை, ரம்பம் வைத்து அறுக்க வேண்டியிருந்தது. பழைய குழாயை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதிதாகக் கொக்கி அடித்து, வெள்ளைக் குழாயை அதில் உட்காரவைத்து, இணைப்புக்கு இணைப்பு பசை தடவி, முறுக்கி, அறுபது வரை எண்ணிப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனார். நர்ஸ் டியூட்டி முடிந்து வந்தபோது அவர் இரண்டாம் மாடி உயரத்தில் இருந்தார். அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். ஓனர் ஒத்துக்கொண்டாரா என்று மனைவியிடம் கேட்டாள். மனைவி, அவர் இறங்கி வரட்டும் என்று மட்டும் சொன்னாள்.

வேலை முடிகிற தறுவாயில் சின்னவர் வந்தார். யாரோ போன் போட்டிருக்க வேண்டும். சத்தம் போடவில்லை. பிளம்பர் இறங்கி வரும்வரை நிழலில் காத்திருந்தார்.

"நாம பேசினது?" என்றார்.

"நீங்க பேசினீங்க. நான் அன்னைக்கே பதில் சொல்லியிருக்கணும், சொல்லல. தப்புதான்."

சின்னவர் புதுக் குழாயை மேலும் கீழும் பார்த்தார். "நேர்த்தியா இருக்கு," என்றார். "மாசக் கடைசிக்குள்ள சாவியைக் குடுத்துடுங்க."

அவர் போன பிறகு பசை காய ஒரு மணி நேரம் விட்டு, மோட்டாரைப் போட்டார்கள். குழாய்க்குள் தண்ணீர் ஏறுவது கைவைத்தால் தெரிந்தது. மேலே காலித் தொட்டியில் விழுகிற சத்தம் தெருவரை கேட்டது. முதல் மாடி ஜன்னலிலிருந்து வேன் டிரைவர் மனைவி எட்டிப் பார்த்துக் கைதட்டினாள். பிளம்பர் படியேறி மூன்றாம் மாடிக்குப் போனார். நர்ஸ் சமையலறைக் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். முதலில் காற்று இருமியது, பிறகு காவித் தண்ணீர், பிறகு தெளிந்தது.

"என்ன சொல்லி ஒத்துக்க வெச்சீங்க அண்ணா?"

"அவர் ஒத்துக்கல. அன்னைக்கு நீங்க கேட்டப்பவே போட்டிருக்கலாம்மா. கேஸு திரும்பும்னு சொன்னது பொய். கை வைக்காம இருந்தா வீட்டை விட்டுத் தரேன்னு சின்னவர் சொன்னார். அதான் போடல."

நர்ஸ் குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைக்காமலே நின்றாள். உள்ளே பெரியவர் இருமுவது கேட்டது.

"ரெண்டு இடத்துல புண்ணு," என்றாள். "ஒரு இடம் ஆழமா போயிடுச்சு. நான் நர்ஸு. என் அப்பாவுக்கு வரவிட்டுட்டேனேன்னு இத்தனை நாளா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்." உள்ளே அப்பாவிடம் போனாள். பிளம்பர் நின்று பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தாள். புத்தகப் பையோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தோஷமாகத்தான் கேட்டாள்: "ஒரே நாள்ல போட்டுட்டீங்களே, இதை அன்னைக்கே போட்டிருக்கலாமேப்பா?" அவளிடமும் சொன்னார். இரண்டு நாளில் மூன்றாவது தடவை. மகள் அழவில்லை, கோபப்படவுமில்லை. தன் உள்ளங்கையில் வாளிக் கம்பி அழுத்திக் காய்த்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டு முடித்தாள். ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது.

சின்னவர் சொன்னபடி செய்தார். பிளம்பர் வீட்டுக்கு மட்டும் தனியாக நோட்டீஸ் வந்தது, அனுமதியில்லாமல் கட்டடத்தில் வேலை செய்ததற்காக. விஷயம் தெரிந்து வேன் டிரைவர் நடையில் நின்று கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டார். தையல்காரர் போனதற்கு யார் பொறுப்பு என்றார். பிளம்பர் வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு மேலே போவதா வேண்டாமா என்று தெரியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு வாட்டசாட்டமான ஆள் நர்ஸ் வீட்டுக்கு வழி கேட்டான். பிளம்பர் படியைக் காட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

மனைவி அட்டைப்பெட்டிகள் வாங்கிவந்து மடித்து மூலையில் வைத்தாள். இன்னும் எதையும் அதில் போடவில்லை.

மாதக் கடைசிக்கு எட்டு நாள் இருக்கும்போது நர்ஸ் வந்தாள். உள்ளே வரவில்லை, நிலைப்படிக்கு வெளியே நின்றாள். வாடகைத் தகராறு விசாரிக்கிற அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறாளாம், வியாழக்கிழமை கூப்பிட்டிருக்கிறார்களாம். தண்ணீரை வேண்டுமென்றே நிறுத்தினார்கள் என்று நிரூபித்தால் யாரையும் கிளப்ப முடியாது என்று அங்கே ஒருவர் சொன்னாராம்.

"எங்ககிட்ட சாட்சி வேற யாரும் இல்ல," என்றாள். "நீங்க வந்து சொல்லணும். அவர் என்ன சொன்னார்னு மட்டுமில்ல. நீங்க என்ன செஞ்சீங்கன்னும் சொல்லணும். பாதி சொன்னா நம்ப மாட்டாங்க."

"வரேன்மா," என்றார் பிளம்பர்.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனக்கல."

அலுவலகத்தில் மின்விசிறி காகிதங்களைப் படபடக்கவைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்தான் அதிகாரி. முன்னால் சின்னவரும் வக்கீலும். பின் பெஞ்சில் நர்ஸ், வேன் டிரைவர், ஓரமாகப் பிளம்பரின் மனைவி. பிளம்பரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். பத்து நிமிஷம் பேசினார். குழாயின் வயது, ஏழு கட்டு, டீ, அரைச் சுற்று இறுக்காமல் வந்தது, நடையில் சொன்னது எல்லாம். அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார்.

"தண்ணி இல்லாம எத்தனை நாள்?"

"பதினேழு நாளுங்க."

"உங்களுக்கு ஒரு நாள் வேலைதானே?"

"அரை நாள் வேலைங்க."

"அப்ப நீங்களும் உடந்தை."

"ஆமாங்க."

வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரர் அப்படிச் சொல்லவே இல்லை, நோட்டீஸ் கொடுத்த ஆத்திரத்தில் இவர் ஜோடிக்கிறார் என்றார். நோட்டீஸ் எந்தத் தேதி, குழாய் போட்டது எந்தத் தேதி என்று அதிகாரி கேட்டு இரண்டையும் குறித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு, முழு விசாரணை முடியும்வரை அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிறவர்கள் யாரையும் காலி செய்யச் சொல்லக்கூடாது, தண்ணீரும் தடைபடக்கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லி எழுதவைத்தார். நடுவில் நிறுத்தினார்.

"இப்ப அங்க எத்தனை குடும்பம் இருக்கு?"

"ரெண்டு மேடம்," என்றார் வக்கீல். "முதல் மாடி, மூணாவது மாடி. கீழ இருக்கற இவருக்கு நோட்டீஸ் குடுத்தாச்சு. இவரே குத்தத்தை ஒத்துக்கிட்டார். இவரை அதுல சேக்க முடியாது."

அதிகாரி பிளம்பரைப் பார்த்தார். தான் கேட்டு வாங்கக்கூடிய இடத்தில் இல்லை என்று பிளம்பருக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் பெஞ்ச் நகருகிற சத்தம் கேட்டது.

"மூணு மேடம்," என்றாள் நர்ஸ். எழுந்து நின்றிருந்தாள். "முதல் மாடி, மூணாவது மாடி, கீழ பின் போர்ஷன். நான் குடுத்த மனுவுல மூணுன்னுதான் எழுதியிருக்கேன்."

அதிகாரி மனுவைப் புரட்டிப் பார்த்தார். வேன் டிரைவரைப் பார்த்து, அப்படித்தானா என்று கேட்டார். அவர் பிளம்பர் பக்கம் திரும்பாமல் ஆமாம் என்றார். மூன்று என்று எழுதச் சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த காகிதக் கட்டைப் பிரித்தார்.

திரும்பும்போது எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். நர்ஸ் முன்னால் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். பிளம்பரும் மனைவியும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார்கள். நிறுத்தம் வந்ததும் நர்ஸ் முதலில் இறங்கி, அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கிற நேரம் தாண்டிவிட்டதால் வேகமாக நடந்து போனாள். இவர்கள் இருவரும், அவள் தெருமுனை திரும்புகிறவரை நிறுத்தத்திலேயே நின்றுவிட்டு, அப்புறம் நடந்தார்கள்.